ஐஎஸ்என்எஸ் சர்வரைக் கட்டளை வரியில் நிர்வகிப்பது எப்படி? திருவொற்றியூர் கிடங்கில் நான் முட்டி மோதிக் கற்ற வரிசை

திருவொற்றியூரில் ஒரு சரக்குக் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுங்க ஆவணங்களின் ஸ்கேன், கேமராப் பதிவு, கணக்கு எல்லாம் மூன்று சேமிப்புப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் கணினிகள் பதினொன்று. எந்தக் கணினி எந்தப் பெட்டியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொன்றிலும் கையால் எழுதி வைத்திருந்தேன். ஒரு பெட்டியின் ஐபி மாறியதும் பதினொரு இடத்தில் திருத்த வேண்டியதாயிற்று. இந்தப் பெட்டிகள் ஐஎஸ்சிஎஸ்ஐ முறையில், அதாவது வலை வழியாக டிஸ்க் கொடுப்பவை. அதற்குப் பிறகுதான் ஐஎஸ்என்எஸ் பக்கம் வந்தேன். எந்தப் பெட்டி எந்த முகவரியில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லும் பெயர் சர்வர் அது. ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது. உங்களுக்கு அது இரண்டு நாளில் முடிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்கிறேன்.

1. உங்களுக்கு இது தேவையா?

ஒரு பெட்டி, இரண்டு கணினி என்றால் தேவையில்லை. சென்ட்டார்கெட்ஸ் முறையில் பெட்டியின் ஐபியை நேராகக் கொடுத்துக் கேட்டாலே அது தன்னிடம் உள்ளதைச் சொல்லிவிடும். பெட்டிகள் இரண்டு மூன்றாகி, கணினிகள் பத்தைத் தாண்டி, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்க வேண்டிய நிலை வந்தால் ஐஎஸ்என்எஸ் வையுங்கள்.

அது செய்வது என்ன? எங்கள் கிடங்கு வாசலில் காவலாளி ஒரு நோட்டு வைத்திருப்பார். உள்ளே வரும் லாரிக்காரர், "பருத்தி மூட்டை எங்கே?" என்று கேட்டால், "மூணாவது ஷெட், இடது பக்கம்" என்பார். ஷெட்டின் பூட்டு அவர் கையில் இல்லை, மூட்டையை அவர் தூக்கவும் மாட்டார். ஐஎஸ்என்எஸ் சர்வரும் அவ்வளவுதான். டார்கெட், அதாவது டிஸ்க் கொடுக்கும் பெட்டி, தன் பெயரையும் முகவரியையும் அதில் பதிகிறது. இனிஷியேட்டர், அதாவது டிஸ்க் கேட்கும் கணினி, வந்து விசாரிக்கிறது. அதன்பின் இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். தரவு ஒரு பைட்கூட பெயர் சர்வர் வழியாகப் போகாது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, இந்த சர்வர் நின்றுபோனாலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகள் அறுந்துபோகாது. பதற வேண்டாம். இரண்டு, இது பூட்டு இல்லை. ஐபி தெரிந்த எவரும் சர்வரிடம் கேட்காமலே டார்கெட்டின் கதவைத் தட்டலாம். பூட்டை டார்கெட்டிலேயே போட வேண்டும். யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியலான ஏசிஎல், நுழையக் கேட்கும் சாப் கடவுச்சொல் இரண்டும் அங்கேதான் இருக்கும்.

2. தட்டத் தொடங்கும் முன் கையில் வேண்டிய தாள்கள்

நான் இதைத் தவிர்த்துவிட்டு நேராக டெர்மினலைத் திறந்தேன். மூன்று வாரம் போனதற்கு இதுதான் பாதிக் காரணம்.

ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள். இயந்திரம் இருக்கும் இடம், ஐபி, ஐக்யூஎன் பெயர் (ஐஎஸ்சிஎஸ்ஐயில் அதற்குரிய தனிப் பெயர்), டார்கெட்டா இனிஷியேட்டரா. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு வரி.

ஐக்யூஎன் பெயரின் அமைப்பைக் கவனியுங்கள். முதலில் ஐக்யூஎன் என்ற மூன்றெழுத்து, புள்ளி, பிறகு ஆண்டும் மாதமும் 2024-05 என்பதுபோல், புள்ளி, பிறகு உங்கள் நிறுவனத்தின் இணையப் பெயர் தலைகீழாக, முக்காற்புள்ளி, கடைசியில் நீங்கள் வைக்கும் பெயர். அந்த ஆண்டும் மாதமும் சர்வர் வாங்கிய தேதி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இணையப் பெயர் உங்கள் வசம் இருந்த ஏதாவது ஒரு மாதம்தான் அங்கே வர வேண்டும். எல்லாம் சிறிய எழுத்து. நீளம் 223 பைட்டுக்குள்.

இனிஷியேட்டரின் பெயர் லினக்ஸில் ஈடிசி கோப்புறையின் கீழ், ஐஎஸ்சிஎஸ்ஐ கோப்புறையில், இனிஷியேட்டர்நேம் என்று தொடங்கும் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் போய் அதைத் திறந்து பாருங்கள். நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

இங்கேதான் முதல் கண்ணி. ஒரு கணினியை நிறுவி, அதன் டிஸ்க்கை அப்படியே குளோன் எடுத்து மற்றவற்றில் போட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே இனிஷியேட்டர் பெயர் இருக்கும். எங்களிடம் நான்கு கணினிகள் அப்படி இருந்தன. ஒன்று உள்ளே நுழைந்தால் இன்னொன்று வெளியே விழும். ஸ்கேன் பிரிவுத் தம்பி தினமும் வந்து, "அண்ணே, இப்பதான் இருந்துச்சு, இப்ப டிஸ்க்கே காணோம்" என்பான். கேபிளை மாற்றினேன், ஸ்விட்ச்சை மாற்றினேன். கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புக்காற்றில் ஆர்ஜே45 முனை அரித்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு முனை உண்மையிலேயே பச்சை பூத்திருந்தன, ஆனால் காரணம் அதுவல்ல. ஐஎஸ்சிஎஸ்ஐ-ஐநேம் என்ற கட்டளை புதுப் பெயர் ஒன்றை அச்சிட்டுத் தரும். அதை அந்தக் கோப்பில் எழுதி, ஐஎஸ்சிஎஸ்ஐடி சேவையை மறுபடி தொடங்கினால் தீர்ந்தது.

3. செலவு

மென்பொருளுக்குச் செலவில்லை. ஓப்பன்-ஐஎஸ்என்எஸ் திறமூலம். சர்வருக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஓரத்தில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப், 2 ஜிபி ராம் போதும். பணம் போகும் இடங்கள் வேறு: சேமிப்பு வலைக்குத் தனியாக ஒரு கிகாபிட் ஸ்விட்ச், கேட்6 கேபிள், சின்ன யுபிஎஸ். எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றுக்கு எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆனது. ஐம்பது ரூபாய்க்கு ஒரு சிஆர்2032 பட்டன் செல்லும் வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு என்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

வடசென்னையிலிருந்து ரிச்சி தெருவுக்குப் போகிறீர்கள் என்றால் மெட்ரோவே நல்லது. விம்கோ நகர் பக்கமிருந்து ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் ஸ்விட்ச்சோடு வந்த அனுபவத்தில் சொல்கிறேன். வேலையை ஞாயிறு வைத்துக்கொண்டால் சாமானைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

4. நிறுவுதல்

டெபியன், உபுன்டுவில் பொட்டலத்தின் பெயர் ஓப்பன்-ஐஎஸ்என்எஸ்-சர்வர். கட்டளைக் கருவி ஓப்பன்-ஐஎஸ்என்எஸ்-யுடில்ஸ் என்ற தனிப் பொட்டலத்தில் வரும். இரண்டையும் ஏபிடி மூலம் போடுங்கள். ஃபெடோராவில் ஐஎஸ்என்எஸ்-யுடில்ஸ்.

பின்னணியில் ஓடும் சர்வர் ஐஎஸ்என்எஸ்டி (isnsd). நீங்கள் தட்டப்போகும் கருவி ஐஎஸ்என்எஸ்ஏடிஎம் (isnsadm). இரண்டுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு, ஈடிசி கோப்புறைக்குள் ஐஎஸ்என்எஸ் கோப்புறையில். எதைத் திருத்துகிறோம் என்று பார்த்துத் திருத்துங்கள். கருவியின் கோப்பில் சர்வர் அமைப்பை எழுதிவிட்டு, "மாற்றம் எடுக்கவில்லையே" என்று நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தீச்சுவரில் சர்வரின் டிசிபி 3205 போர்ட்டைச் சேமிப்பு வலைக்கு மட்டும் திறங்கள். டார்கெட்களில் 3260.

5. சர்வர் கோப்பில் பார்க்க வேண்டிய இரண்டு வரிகள்

முதல் வரி டேட்டாபேஸ். இங்கே ஒரு கோப்புறையின் முழுப் பாதை இருக்க வேண்டும். வழக்கமாக வார், லிப், ஐஎஸ்என்எஸ் என்ற பாதை. இந்த வரி காலியாக இருந்தால் சர்வர் எல்லாப் பதிவையும் நினைவகத்தில் மட்டுமே வைத்துக்கொள்ளும். மறுதொடக்கம் செய்ததும் நோட்டு வெள்ளைத்தாள். நான் கோப்பைச் "சுத்தம் செய்கிறேன்" என்று புரியாத வரிகளை அழித்தபோது இதையும் அழித்தேன். பகலெல்லாம் உட்கார்ந்து பதிந்தது ஒரு மறுதொடக்கத்தில் போயிற்று.

இரண்டாவது வரி டிஃபால்ட்டிஸ்கவரிடொமைன். புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். ஒரே டிஸ்கவரி டொமைனில், அதாவது ஒரே குழுவில், இருக்கும் இருவர் மட்டுமே ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். எந்த டொமைனிலும் சேராதவர் கண்ணுக்கு யாரும் தெரியமாட்டார்கள். இந்த வரியில் 1 என்று எழுதினால், எதிலும் சேராத எல்லாரையும் ஒரு பொது டொமைனில் இருப்பதாக சர்வர் எடுத்துக்கொள்ளும். எழுதாவிட்டால் அந்தப் பொது டொமைன் இருக்காது.

என் யோசனை: முதல் நாள் சோதனைக்கு 1 வையுங்கள். எல்லாம் எல்லாருக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். அது வேலை செய்தால் வலை, போர்ட், பெயர் எல்லாம் சரி என்று பொருள். பிறகு 0 ஆக்கிவிட்டு, ஏழாம் படியில் சொல்வதுபோல் டொமைன்களை நீங்களே கட்டுங்கள். அப்படியே 1-ல் விட்டுவிட்டால், நாளைக்கு யாரோ கொண்டுவந்து செருகும் புதுக் கணினிக்கு இன்னும் பிரித்துச் சேர்க்காத டார்கெட்கள் எல்லாம் தெரியும்.

6. பதிவு செய்தல், பார்த்தல்

டார்கெட் பக்கம்: லினக்ஸோடு வரும் எல்ஐஓ டார்கெட் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை அமைக்கும் டார்கெட்சிஎல்ஐ கருவி தானாகப் பெயர் சர்வரிடம் பேசாது. டார்கெட்-ஐஎஸ்என்எஸ் என்ற சிறு சேவையைச் சேர்த்து நிறுவி, அதன் கோப்பில் சர்வரின் ஐபியை எழுத வேண்டும். கடையில் வாங்கிய சேமிப்புப் பெட்டியாக இருந்தால் அதன் மேலாண்மைத் திரையில் ஐஎஸ்என்எஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கையால் பதிய வேண்டும்.

இனிஷியேட்டர் பக்கம்: கணினியில் ஐஎஸ்என்எஸ்ஏடிஎம் கோப்பைத் திறந்து சர்வர்அட்ரஸ் வரியில் சர்வர் ஐபி, சோர்ஸ்நேம் வரியில் அந்தக் கணினியின் ஐக்யூஎன். இந்த சோர்ஸ்நேமும் இனிஷியேட்டர்நேம் கோப்பில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் சர்வர் ஒரே கணினியை இரண்டு ஆளாக நினைக்கும். நீங்கள் ஒருவரை டொமைனில் சேர்ப்பீர்கள், மற்றவர் வந்து டிஸ்க் கேட்பார். பிறகு தட்டுங்கள்:

ஐஎஸ்என்எஸ்ஏடிஎம் --ரெஜிஸ்டர் இனிஷியேட்டர்

இப்போது சர்வருக்கு வந்து, ரூட்டாக:

ஐஎஸ்என்எஸ்ஏடிஎம் --லோக்கல் --லிஸ்ட் நோட்ஸ்

லோக்கல் என்று போட்டால் கருவி வலை வழியாகப் போகாமல் அதே இயந்திரத்தில் உள்ள சாக்கெட் வழியாக சர்வரிடம் பேசும். ரூட்டுக்கு மட்டுமே அந்த வழி திறந்திருக்கும். நோட்ஸ் (nodes) இடத்தில் என்டிட்டீஸ், போர்ட்டல்ஸ், டிடிஎஸ் (dds) என்று மாற்றிப் போட்டால் முறையே இயந்திரங்கள், முகவரிகள், டொமைன்கள் வரும்.

இதே லிஸ்ட் கட்டளையை லோக்கல் இல்லாமல் இனிஷியேட்டர் கணினியில் தட்டிப் பாருங்கள். அந்தக் கணினிக்குத் தெரியக்கூடியது மட்டும் வரும். நீங்கள் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதும், லாரிக்காரர் கண்ணால் பார்ப்பதும் வேறு வேறு. சர்வரில் எல்லாம் தெரிகிறது, கணினியில் காலி என்றால் பதிவில் பிழையில்லை, டொமைனில்தான் பிழை. இந்த ஒரு வித்தியாசத்தை முதல் நாளே பிடித்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

7. டொமைன் கட்டுதல்

நோட்டை எடுங்கள். எந்தக் கணினிகள் எந்த டார்கெட்டைப் பார்க்க வேண்டும் என்று வட்டம் போடுங்கள். எங்களிடம் மூன்று வட்டம்: ஸ்கேன், கேமரா, கணக்கு. ஒரு கணினி இரண்டு வட்டத்தில் இருக்கலாம், தவறில்லை.

ஐஎஸ்என்எஸ்ஏடிஎம் --லோக்கல் --டிடி-ரெஜிஸ்டர் டிடி-நேம்=ஸ்கேன் மெம்பர்-நேம்=(டார்கெட்டின் ஐக்யூஎன்) மெம்பர்-நேம்=(கணினியின் ஐக்யூஎன்)

எத்தனை பேரோ அத்தனை மெம்பர்-நேம். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடாதீர்கள். டார்கெட்டைச் சேர்க்க மறந்து கணினிகளை மட்டும் சேர்ப்பது சகஜம். அப்படிச் செய்தால் கணினிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

பிறகு லிஸ்ட் டிடிஎஸ் தட்டினால் ஒவ்வொரு டொமைனுக்கும் ஓர் எண் தெரியும். அதை நோட்டில் வட்டத்தின் பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் ஆளைச் சேர்க்க டிடி-நேமுக்குப் பதில் டிடி-ஐடி= என்று அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்.

ஆளை நீக்க --டிடி-டிரெஜிஸ்டர், அடுத்து எண், அடுத்து மெம்பர்-நேம். இந்த இடத்தில் கையை நிறுத்திப் படியுங்கள். எண்ணை மட்டும் கொடுத்து, மெம்பர்-நேம் எழுதாமல் என்டர் தட்டினால் முழு டொமைனே போய்விடும். "உறுதியா?" என்று கேட்காது. நான் செய்தேன், மதியச் சாப்பாட்டுக்கு முன் அவசரத்தில். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகள் ஓடின, அது பிழைத்தது. மாலையில் மறுதொடக்கம் செய்து புதிதாகத் தேடிய ஒரு கணினிக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கட்டளையை முதலில் ஒரு கோப்பில் எழுதி, வாசித்துப் பார்த்து, பிறகு ஒட்டும் பழக்கம் அன்றிலிருந்து.

கணினியில் தேடல் (கருவி iscsiadm):

ஐஎஸ்சிஎஸ்ஐஏடிஎம் -எம் டிஸ்கவரி -டி ஐஎஸ்என்எஸ் -பி (சர்வர் ஐபி):3205

இங்கே டி என்பது t, சிறிய எழுத்து. பட்டியல் வந்ததும் ஒரு டார்கெட்டில் நுழைய -எம் நோட் (node), பிறகு பெரிய எழுத்து டி (-T), டார்கெட் பெயர், கடைசியில் --லாகின். பெயர் கொடுக்காமல் லாகின் போட்டால் பட்டியலில் உள்ள எல்லா டார்கெட்டிலும் நுழைந்துவிடும். ஒரே டிஸ்க்கை இரண்டு கணினிகள் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரே நேரத்தில் ஏற்றினால் அது கெட்டுப்போகும், கோப்புகள் போகும். ஒன்றில் ஏற்றும் முன் வேறெங்கும் ஏற்றவில்லை என்று நோட்டைப் பாருங்கள்.

8. சாவியும் கடிகாரமும்

ஓப்பன்-ஐஎஸ்என்எஸ் டிஎஸ்ஏ சாவி வைத்து ஒவ்வொரு செய்தியையும் கையெழுத்திட்டு அனுப்பும். செக்யூரிட்டி வரியில் 1 என்றால் கட்டாயம், 0 என்றால் இல்லை. வரியைத் தொடாமல் விட்டால், சாவி இருந்தால் பயன்படுத்தும். தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் எல்லாப் பெட்டிகளுக்கும் இந்தக் கையெழுத்து போடத் தெரியுமா? ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் அது வெளியே நிற்கும்.

நான் மூன்று லினக்ஸ் கணினிகளில் மட்டும் சாவி வைத்துச் சோதித்தேன். பத்து நாள் நன்றாக ஓடியது. ஒரு மழை இரவில் மின்சாரம் போய் விடியற்காலையில் வந்தது. காலையில் எந்தக் கணினியும் பேசவில்லை, எல்லாம் அங்கீகாரப் பிழை. சாவிகளை அழித்து மறுபடி உருவாக்கினேன். பயனில்லை. மதியம்தான் தற்செயலாக டேட் என்று தட்டினேன். சர்வரின் நேரம் பல மணி நேரம் பின்னால் இருந்தது. மதர்போர்டின் பட்டன் செல் செத்திருந்தது. இணைய மோடமும் அணைந்திருந்ததால் நேரத்தை வெளியிலிருந்து வாங்கவும் வழியில்லை.

கையெழுத்திட்ட செய்தியோடு நேரமுத்திரையும் போகிறது. சர்வர் நேரத்துக்கும் அதற்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழைய செய்தியை யாரோ திருப்பி அனுப்புவதாக எண்ணித் தள்ளிவிடும். அதற்குத்தான் அந்த ஐம்பது ரூபாய் செல். சாவி வைப்பதென்றால் செல்லை மாற்றிவிட்டு, உள்வலையிலேயே ஒரு இயந்திரத்தை நேர சர்வராக வையுங்கள்.

நான் கடைசியில் சாவியை எடுத்துவிட்டேன். சேமிப்பு வலைக்குத் தனி ஸ்விட்ச், அலுவலக வலையோடு தொடர்பில்லை, டார்கெட்டில் சாப். எங்கள் அளவுக்கு அது போதும் என்பது என் கணக்கு. ஒரே ஸ்விட்ச்சில் விருந்தினர் வைஃபையும் ஓடுகிறதென்றால் என் வழியைப் பின்பற்றாதீர்கள்.

9. சிக்கினால்

சேவையை நிறுத்திவிட்டு, ஐஎஸ்என்எஸ்டி -எஃப் -டி ஆல் (-f -d all) என்று முன்னணியில் ஓட்டுங்கள். யார் வருகிறார், என்ன கேட்கிறார், ஏன் மறுக்கப்படுகிறார் என்று வரிவரியாகக் கொட்டும். ஐஎஸ்என்எஸ்டி --டம்ப்-டிபி என்றால் டேட்டாபேஸில் உள்ளதை வாசிக்கும்படி அச்சிடும். வாரம் ஒருமுறை அந்த வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கிறேன். டேட்டாபேஸ் கோப்புறையின் நகலையும் வேறொரு இயந்திரத்தில் வைக்கிறேன், சேமிப்புப் பெட்டிகளில் இல்லை.

10. மின்சாரம் போய் வந்த பிறகு

ஏற்றும் வரிசை: ஸ்விட்ச், பெயர் சர்வர், டார்கெட்கள், கடைசியில் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் விடுங்கள். தொடங்கும்போது ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல் கணினிகளின் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கும். அதில் இந்த டிஸ்க்குகளுக்கு அடிக்கோட்டோடு தொடங்கும் நெட்டெவ் என்ற சொல்லைச் சேர்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலை வருமுன் டிஸ்க்கைத் தேடி, கணினி பாதியில் நிற்கும்.

நேரக் கணக்கு: நோட்டு போட ஒரு மாலை, நிறுவ அரை மணி, சோதனைக்கு ஒரு நாள், டொமைன் பிரித்து எல்லாக் கணினியையும் மாற்ற ஒரு ஞாயிறு. கணக்குப் பிரிவு இயந்திரங்களை மாதக் கடைசியில் தொடாதீர்கள். எங்கள் கிடங்கில் ஏற்றும் வரிசையை அட்டையில் எழுதி யுபிஎஸ் மேலேயே ஒட்டியிருக்கிறேன். இரவுக் காவலாளிக்கும் படித்துக் காட்டியாயிற்று. "சுவிட்சு, சர்வரு, பொட்டி, கம்ப்யூட்டரு, அவ்ளோதானே சார்" என்றார். போன மழைக்கு அவரேதான் ஏற்றினார். நான் வருவதற்குள் ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது.